குடியேறிய செல்கள் – 9: காத்ததும் கொன்றதும் ஒன்றே

1977இல் சியாட்டில் குழு வெளியிட்ட நூறு நோயாளிகளின் கணக்கோடு சென்ற அத்தியாயம் முடிந்தது. மருந்துகள் எல்லாம் கைவிட்ட பிறகு உடல் முழுக்கக் கதிர்வீச்சு வாங்கி, உடன்பிறந்தவரின் எலும்பு மஜ்ஜையை ஏற்றிக்கொண்ட நூறு பேர். அறிக்கை வெளியானபோது அவர்களில் 13 பேர் ஓராண்டு முதல் நாலரை ஆண்டு வரை லுக்கேமியாவின் சுவடே இல்லாமல் உயிரோடு இருந்தார்கள். நூற்றுக்குப் பதின்மூன்று என்பது இன்று சொற்பமாகத் தோன்றலாம். சிகிச்சைக்கு வந்த அன்று அந்த நூறு பேருக்கும் வேறு எந்த வழியிலும் பிழைக்க வாய்ப்பே இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

அந்தப் பதின்மூன்று பேரைப் பிழைக்க வைத்தது எது? அந்தக் காலத்து மருத்துவர்களில் பெரும்பாலோர் எளிதாக ஒரு விடை வைத்திருந்தார்கள். கதிர்வீச்சும் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தும் புற்றுச் செல்களைக் கொல்கின்றன. கூடவே நோயாளியின் மஜ்ஜையும் செத்துப்போகிறது. கொடையாளரின் மஜ்ஜை அந்த இழப்பை ஈடுகட்டுகிறது. கொல்வது கதிர்வீச்சின் வேலை, இரத்தம் ஊறச் செய்வது மஜ்ஜையின் வேலை. இந்த விளக்கம் பாதிதான் சரி என்று புரிய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்கான துப்பு 1956லேயே அச்சில் வந்திருந்தது.

ஹார்வெல் எலிகள்

இங்கிலாந்தின் ஹார்வெலில் பிரிட்டிஷ் அணுசக்தி ஆய்வு நிலையத்தை ஒட்டி, மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கதிரியக்க உயிரியல் பிரிவு இயங்கி வந்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்த ஜான் லூட்டிட் அதன் தலைவர். அவரும் டேவிட் பார்ன்ஸும் சகாக்களும் லுக்கேமியா ஏற்றப்பட்ட எலிகளுக்கு உயிர்கொல்லும் அளவில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். பிறகு எலிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு அதே மரபு வழியில் வந்த எலிகளின் மஜ்ஜை. மற்றதற்கு வேறு மரபு வழி எலிகளின் மஜ்ஜை.

தன் இனத்து மஜ்ஜை பெற்ற எலிகள் முதலில் தேறின. பின்னர் லுக்கேமியா திரும்பி வந்து அவற்றைக் கொன்றது. அந்நிய மஜ்ஜை பெற்றவற்றுக்கு லுக்கேமியா திரும்பவில்லை. ஆனால் அவையும் பிழைக்கவில்லை. உடல் மெலிந்து, வயிற்றுப்போக்கில் வாடி, ஒவ்வொன்றாக இறந்தன.

கதிர்வீச்சு எல்லா எலிகளுக்கும் ஒன்றுதான். வேறுபட்டது மஜ்ஜை மட்டுமே. கதிர்வீச்சுக்குத் தப்பிய கடைசிப் புற்றுச் செல்களை அந்நிய மஜ்ஜையிலிருந்து பெருகிய செல்கள் எதிர்ப்பாற்றலால் அழித்திருக்கலாம் என்று அந்தச் சிறு கட்டுரை ஊகித்தது. அதே செல்கள் எலியின் உடலையும் அழிக்கக்கூடும் என்பதையும் சேர்த்தே சொன்னது. அடுத்த அரை நூற்றாண்டின் ஆராய்ச்சி முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடக்கம்.

மனிதரிலும் துப்பு கிடைத்தது. 1959இல் டொனால் தாமஸ், லுக்கேமியா கண்ட இரண்டு நோயாளிகளுக்கு அவரவரின் ஒத்த இரட்டையரிடமிருந்து மஜ்ஜை எடுத்துக் கொடுத்தார். மரபணுக்கள் அச்சு அசலாக ஒன்று என்பதால் மஜ்ஜை மாற்றுக்கு இதைவிடப் பொருத்தமான கொடையாளர் கிடையாது. மஜ்ஜை உடனே பிடித்துக்கொண்டது, இரத்தம் ஊறியது, உடலில் எந்த மோதலும் இல்லை. சில மாதங்களுக்குள் இருவருக்கும் லுக்கேமியா திரும்பியது. போதிய கதிர்வீச்சு கொடுக்கவில்லை என்றுதான் அன்று எண்ணத் தோன்றியது. இருவருக்குள்ளும் அந்நிய செல் எதுவும் இல்லை என்பதைக் குறையாகப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

பாரிஸில் ஜார்ஜ் மத்தே மட்டும் ஹார்வெல் சொன்னதை மனிதரில் நம்பி இறங்கினார். 1963இல் அவரிடம் சிகிச்சை பெற்ற லுக்கேமியா நோயாளி ஒருவர், பல உறவினர்களின் மஜ்ஜையைக் கலந்து பெற்று, புற்று திரும்பாமலேயே 20 மாதங்கள் வாழ்ந்து வேறு சிக்கலால் இறந்தார். கொடையாளரின் எதிர்ப்பாற்றலைக் கடன் வாங்கிப் புற்றுக்கு மருந்தாக்கும் முறை இது என்று மத்தே எழுதினார். ஒரே ஒரு நோயாளியை வைத்து யாரையும் நம்ப வைக்க முடியவில்லை.

இருபதாம் நாள் சிவப்பு

சியாட்டிலில் கொடையாளர் செல்களை அப்போது பெரும்பாலும் எதிரியாகவே பார்த்தார்கள். அதற்குக் காரணம் வார்டில் தினமும் கண்ணெதிரே கிடந்தது.

மஜ்ஜை ஏற்றிய இரண்டு மூன்று வாரங்களில் வெள்ளையணு எண்ணிக்கை ஏறத் தொடங்கும். குடும்பம் மூச்சுவிடும் நேரம் அது. அதே நாட்களில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் காது மடலிலும் ஒரு சிவப்பு தெரியும். வெயிலில் கன்றியது போல எரியும், அரிக்கும். சிலருக்கு அதோடு நின்றுவிடும். சிலருக்கு உடல் முழுவதும் பரவி, கொப்புளம் கட்டி, தோல் உரியும். அடுத்தது குடல். நீராகப் போகும் வயிற்றுப்போக்கைச் செவிலியர்கள் அளந்து குறிப்பார்கள். ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டினால் முதல் நிலை, ஒரு லிட்டரைத் தாண்டினால் இரண்டாவது, ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் மூன்றாவது. பிறகு கல்லீரல். கண் மஞ்சளாகும், பிலிருபின் ஏறும். தோல், குடல், கல்லீரல் மூன்றையும் சேர்த்து நோயின் கடுமையை நான்கு படிகளாகப் பிரிக்கும் அளவுகோலைச் சியாட்டில் குழு 1974இல் வகுத்தது.

ஜி.வி.எச்.டி. என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் நோய் இதுதான். கொடையாளரின் மஜ்ஜையோடு அவருடைய முதிர்ந்த டி செல்களும் வந்து சேர்கின்றன. அந்நியமானதைக் கண்டால் தாக்குவது டி செல்லின் பிறவிக் குணம். அதற்கு இப்போது நோயாளியின் உடல் முழுவதுமே அந்நியம். எச்.எல்.ஏ. எனப்படும் திசுப் பொருத்தம் சரியாக அமைந்த உடன்பிறப்புகளிடையேயும் சிறுசிறு புரத வேறுபாடுகள் இருக்கும். டி செல்லுக்கு அவையே போதும். இதைத் தடுக்க மாற்று முடிந்த 1, 3, 6, 11ஆம் நாட்களிலும், பிறகு வாரம் ஒரு முறையுமாக நூறு நாள் வரை மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்தார்கள். அப்படியும் பலர் ஜி.வி.எச்.டி.யிலோ, அதை அடக்கக் கொடுத்த மருந்துகளால் தொற்றிய கிருமிகளாலோ இறந்தார்கள்.

பால் வெய்டனும் சகாக்களும் 1979இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்ட கட்டுரை இந்தப் பின்னணியில்தான் வந்தது. கையிலிருந்த 242 நோயாளிகளை அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். ஒத்த இரட்டையரின் மஜ்ஜை பெற்றவர்கள் 46 பேர். உடன்பிறந்தோர் மஜ்ஜை பெற்று, ஜி.வி.எச்.டி. வராமலோ லேசாக வந்தோ தப்பியவர்கள் 117 பேர். அது கடுமையாகவோ நீடித்தோ வந்து அவதிப்பட்டவர்கள் 79 பேர். அவதிப்பட்ட 79 பேரிடம் லுக்கேமியா திரும்பும் வேகம் மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு குறைவாக இருந்தது.

ஹார்வெல் எலிகள் சொன்னதை இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து மனிதர்கள் சொன்னார்கள். ஆனாலும் கொண்டாட முடியவில்லை. மொத்தத்தில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கூட்டிப் பார்த்தபோது மூன்று பிரிவினருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. லுக்கேமியாவிலிருந்து தப்பியவர்களை ஜி.வி.எச்.டி. எடுத்துக்கொண்டிருந்தது.

சோயாவும் செம்மறியாடும்

இந்த எச்சரிக்கை கையில் இருந்தும் எண்பதுகளில் ஆராய்ச்சி வேறு திசையில் ஓடியது. ஓடியவர்களைக் குறை சொல்ல முடியாது. ஜி.வி.எச்.டி.யால் இறப்பவரைத் தினமும் பார்ப்பவருக்கு முதலில் தோன்றும் வழி, குற்றவாளியான டி செல்லை மஜ்ஜையிலிருந்து முன்கூட்டியே அகற்றிவிடுவது.

இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த யாயிர் ரைஸ்னரும், நியூயார்க் மெமோரியல் ஸ்லோன்-கெட்டரிங் மருத்துவமனையின் ரிச்சர்ட் ஓ'ரெய்லியும் கண்ட வழியைக் கேட்டால் சமையலறைக் கைவைத்தியம் என்றே தோன்றும். சோயா மொச்சையிலிருந்து பிரித்த ஒரு புரதத்தை மஜ்ஜையில் கலந்தால் பெரும்பாலான செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி அடியில் தங்கும். தாய்ச் செல்கள் ஒட்டாமல் மேலே நிற்கும். அவற்றோடு தப்பி நிற்கும் டி செல்களைப் பிடிக்கச் செம்மறியாட்டின் சிவப்பணுக்களைச் சேர்ப்பார்கள். அவை டி செல்லைச் சுற்றிப் பூ இதழ்கள் போல ஒட்டிக்கொள்ளும். அந்தக் கொத்துகளை நீக்கிவிட்டால் மிஞ்சுவது டி செல் ஏறத்தாழ இல்லாத மஜ்ஜை. கேம்பிரிட்ஜில் ஹெர்மன் வால்ட்மன் குழு இன்னொரு வழியில் போனது. டி செல்லின் மேற்பரப்பைக் குறிவைக்கும் கேம்பத் என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து, மஜ்ஜையை அதில் ஊறவைத்தது.

இரண்டு வழிகளும் பலித்தன. கடுமையான ஜி.வி.எச்.டி. வெகுவாகக் குறைந்தது. எதிர்ப்பாற்றலே இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்கு, பாதிப் பொருத்தமே உள்ள பெற்றோரின் மஜ்ஜையைக் கொடுக்க வழி பிறந்தது. லுக்கேமியா நோயாளிகளும் உள்ளங்கை சிவக்காமல் வீடு திரும்பினார்கள்.

பிறகு லுக்கேமியா திரும்பி வரத் தொடங்கியது. சிலருக்கு மஜ்ஜையே பிடிக்கவில்லை. நோயாளியின் உடலில் எஞ்சியிருந்த எதிர்ப்புச் செல்களை அடக்கி மஜ்ஜை வேரூன்ற இடம் பிடித்துத் தந்ததும் இதே டி செல்கள்தான் என்று அப்போது தெரியவந்தது. களையென்று பிடுங்கியதில் பயிரும் சேர்ந்து வந்துவிட்டது.

இந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பதை ஒரு தனி மருத்துவமனையால் கணக்கிட்டிருக்க முடியாது. விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கியில் இயங்கிய சர்வதேச எலும்பு மஜ்ஜை மாற்றுப் பதிவகத்தில் பல நாட்டு மருத்துவமனைகளின் குறிப்புகள் குவிந்திருந்தன. அவற்றிலிருந்து 2,254 பேரின் விவரங்களை எடுத்து மேரி ஹொரோவிட்ஸும் சகாக்களும் 1990இல் 'பிளட்' இதழில் வெளியிட்டார்கள். மஜ்ஜை மாற்று மருத்துவர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் கட்டுரை அது.

டி செல் நீக்காத மஜ்ஜை பெற்றும் ஜி.வி.எச்.டி. வராதவர்களை அவர்கள் அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். உடனடி ஜி.வி.எச்.டி., நாள்பட்ட ஜி.வி.எச்.டி. இரண்டும் வந்தவர்களுக்கு லுக்கேமியா திரும்பும் அபாயம் அதில் மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தது. கடுமையான மைலாய்டு லுக்கேமியாவில் இரட்டையர் மஜ்ஜை பெற்றவர்களுக்கு அந்த அபாயம் இரண்டரை மடங்குக்கும் மேல். சி.எம்.எல். எனப்படும் நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியாவில் டி செல் நீக்கிய மஜ்ஜை பெற்றவர்களுக்கு நான்கு முதல் ஏழு மடங்கு வரை போயிற்று.

இரட்டையர் பற்றிய கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒப்பிடப்பட்ட இரு தரப்பிலும் ஜி.வி.எச்.டி. கிடையாது. ஆனாலும் அந்நிய மஜ்ஜை பெற்றவர்களிடம் லுக்கேமியா குறைவாகவே திரும்பியது. அப்படியென்றால் தோலையும் குடலையும் தொடாமல் புற்றை மட்டும் ஒடுக்கும் வேலையும் ஓரளவு நடந்துகொண்டிருந்தது. நன்மையையும் தீமையையும் பிரிக்கவே முடியாது என்று சோர்ந்திருந்தவர்களுக்கு நம்பிக்கை தந்த எண் அது.

மியூனிக்கில் மூவர்

மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு லுக்கேமியா திரும்பினால் அன்று செய்யக்கூடியது மிகக் குறைவு. இரண்டாம் முறை கதிர்வீச்சைத் தாங்கும் நிலையில் உடல் இருக்காது. ஜெர்மனியின் மியூனிக்கில் ஹான்ஸ்-யோகெம் கோல்ப் இந்த நோயாளிகளை வேறு விதமாகப் பார்த்தார். அவர்களுக்குள் கொடையாளரின் செல்கள் ஏற்கெனவே குடியேறியிருக்கின்றன. அதே கொடையாளரிடமிருந்து வரும் வெள்ளையணுக்களை அந்த உடல் அந்நியமென்று விரட்டாது. மாற்று முடிந்து காலம் கடந்தபின் கொடையாளரின் லிம்போசைட்களை நாய்களுக்குச் செலுத்திய சோதனைகளில் கடும் ஜி.வி.எச்.டி. வரவில்லை என்பதை அவர் குழு கண்டிருந்தது. அதற்குக் காரணம் சொல்ல முடிந்தது. மாற்று நடக்கும் நாளில் கதிர்வீச்சால் குடலும் தோலும் புண்ணாகிக் கிடக்கும். அந்த அழற்சி டி செல்களைத் தூண்டிவிடும். மாதங்கள் கழிந்தால் புண் ஆறியிருக்கும்.

சிகிச்சை பார்வைக்கு அத்தனை சாதாரணம். முன்பு மஜ்ஜை கொடுத்த அண்ணனையோ தங்கையையோ மீண்டும் வரவழைப்பார்கள். இம்முறை மயக்க மருந்தும் இல்லை, இடுப்பெலும்பில் ஊசியும் இல்லை. ஒரு கை நரம்பிலிருந்து இரத்தம் இயந்திரத்துக்குப் போகும். அது சுழற்றி வெள்ளையணுக்களை ஒதுக்கி, மிச்சத்தை மறு கை வழியே திருப்பிவிடும். சில மணி நேரத்தில் ஒரு சிறு பை நிறையும். வெளிர் சிவப்பாக இருக்கும் அந்தப் பையைக் கொண்டுபோய் நோயாளிக்கு இரத்தம் ஏற்றுவது போலவே ஏற்றுவார்கள். கீமோதெரபி இல்லை, கதிர்வீச்சு இல்லை. அதன்பின் வாரக்கணக்கில் எதுவும் நடக்காது.

1990இல் கோல்ப் குழு மூன்று சி.எம்.எல். நோயாளிகளைப் பற்றி எழுதியது. மூவருக்கும் மாற்றுக்குப் பின் நோய் திரும்பியிருந்தது. மூவருக்கும் இன்டர்ஃபெரான் மருந்தோடு கொடையாளரின் வெள்ளையணுக்கள் ஏற்றப்பட்டன. மூவரின் மஜ்ஜையிலிருந்தும் சி.எம்.எல்.லின் அடையாளமான பிலடெல்பியா குரோமோசோம் மறைந்தது. ஜெருசலேமின் ஹடாசா மருத்துவமனையில் ஷிமோன் ஸ்லாவினும் 1987 முதல் இதே வழியில் போய்க்கொண்டிருந்தார்.

முந்தைய ஆய்வுகள் அனைத்திலும் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டிருந்தது. கதிர்வீச்சும் மருந்தும் கொடையாளர் செல்லும் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யும்போது எது கொன்றது என்று அறுதியிட்டுச் சொல்வது எப்படி? மியூனிக்கில் கதிர்வீச்சு மேடையிலேயே இல்லை. சி.எம்.எல்.லை இன்டர்ஃபெரான் மட்டும் அப்படித் துடைத்துப் போடுவது அரிது. நோயை விரட்டியது கொடையாளரின் செல்களே என்பதை மறுக்க இடமில்லாமல் போயிற்று.

எத்தனை செல், எப்போது

ஐந்து ஆண்டுகளில் ஐரோப்பிய மருத்துவமனைகள் 135 நோயாளிகளின் அனுபவத்தைத் திரட்டின. சி.எம்.எல். திரும்பியவர்களில் 73 சதவீதம் பேருக்கு நோய் முற்றிலும் அடங்கியிருந்தது. விலையும் இருந்தது. நூற்றுக்கு நாற்பது பேரளவில் குறிப்பிடத்தக்க ஜி.வி.எச்.டி. வந்தது. மூன்றில் ஒரு பங்கினருக்கு இரத்தம் ஊறுவது நின்றது. உடலில் இரத்தம் ஊறச் செய்துகொண்டிருந்ததே புற்றுச் செல்கள்தான் என்றால், அவற்றைத் துடைத்தெறிந்த பிறகு மஜ்ஜையில் மிஞ்ச எதுவும் இருக்காது.

அதே 1995இல் நியூயார்க்கில் ஸ்டீபன் மெக்கின்னன் குழு எளிய கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டது: எத்தனை செல் போதும்? சி.எம்.எல். திரும்பிய 22 பேருக்கு மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினார்கள். 19 பேருக்கு நோய் அடங்கியது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கோடி டி செல் என்ற அளவிலேயே எட்டுப் பேர் தேறினார்கள். அந்த எட்டில் ஒருவருக்கு மட்டுமே ஜி.வி.எச்.டி. வந்தது. கிலோவுக்கு ஐந்து கோடியும் அதற்கு மேலும் தேவைப்பட்ட பதினொரு பேரில் எட்டுப் பேருக்கு வந்தது. ஹார்வெலில் பிரிக்க முடியாததாகத் தெரிந்த இரண்டுக்கும் இடையே, செலுத்தும் அளவையும் நாளையும் பார்த்துக் கொடுத்தால் ஒரு சிறு இடைவெளி உண்டு என்று தெரிந்தது. டி செல்லை ஒழிக்க எண்பதுகளில் முயன்ற அதே மருத்துவமனைகள் தொண்ணூறுகளில் அதை மருந்துபோல எண்ணி அளந்து கொடுக்கத் தொடங்கின.

ஆனால் ஐரோப்பாவின் 135 பேர் பட்டியலில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. கடுமையான மைலாய்டு லுக்கேமியாவில் அடங்கியது 29 சதவீதம் பேருக்கே. குழந்தைகளை அதிகம் தாக்கும் கடுமையான லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியாவில் பலன் ஏறக்குறைய இல்லை.

இந்த ஏற்றத்தாழ்வுக்கு விளக்கங்கள் உண்டு. சி.எம்.எல். மெதுவாக வளரும். டி செல்கள் பெருகிப் போதிய எண்ணிக்கையை எட்ட வேண்டிய வாரங்களை அது தருகிறது. சி.எம்.எல். செல்கள் முதிரும்போது அவற்றில் சில டென்ட்ரைட்டிக் செல்களாகி, தம் புரதங்களைத் தாமே டி செல்லுக்குக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா சில நாட்களிலேயே பெருகிவிடும். டி செல்லை முடுக்கிவிடத் தேவையான துணைச் சமிக்ஞைகளும் அதன் செல்களில் பெரும்பாலும் இருப்பதில்லை.

2001இல் இமாடினிப் மாத்திரை விற்பனைக்கு வந்ததும் சி.எம்.எல். நோயாளிகளில் பெரும்பாலோருக்கு மஜ்ஜை மாற்றே தேவைப்படாமல் போயிற்று. கொடையாளர் செல்கள் மிக நன்றாக வெல்லும் நோய் அவற்றின் கையை விட்டுப் போனது. மிஞ்சியவை அவை தடுமாறும் நோய்கள். அங்கே டி செல்லை மட்டும் நம்பிப் பயனில்லை.

இத்தாலியின் பெருஜியா நகரத்தில் அதற்கு முன்பே ஒரு விசித்திரம் நடந்துகொண்டிருந்தது. அங்கே பாதிப் பொருத்தமே உள்ள உறவினர்களின் தாய்ச் செல்களை, டி செல்களை ஏறத்தாழ முழுவதுமாக நீக்கிவிட்டு ஏற்றினார்கள். மில்வாக்கி கணக்கின்படி நோய் கட்டாயம் திரும்பியிருக்க வேண்டும். கடுமையான மைலாய்டு லுக்கேமியா நோயாளிகளில் ஒரு சாராருக்கு அது திரும்பவில்லை. அந்தக் காவலைச் செய்தது டி செல் அல்லாத வேறொரு வெள்ளையணு. 'இயற்கைக் கொலையாளி' என்று அழைக்கப்படும் அந்த என்.கே. செல்களையும், அவை யாரைத் தாக்குவது என்று முடிவெடுக்கும் விதத்தைக் கண்டுபிடித்த ஆந்த்ரேயா வெலார்டியின் குழுவையும் அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)